மண்ணாங்கட்டி அடித்த காற்று

மண்ணாங்கட்டி என்று அவனுக்குப் பெயர் வைத்ததே அவன் செத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். அவனுக்கு முன்னால் பிறந்தவை எல்லாம் பால்குடி மறக்கும் முன்பே போய்விட்டன. இவன் பிறந்ததும் குப்பைமேட்டில் போட்டு, பக்கத்துக் குடிசைக்காரியை எடுத்துக்கொள்ளச் சொல்லி, ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து அவளிடமிருந்து திரும்ப வாங்கினார்கள். எமன் காதில் விழுந்தால் முகம் சுளித்துக்கொண்டு போய்விடும்படி ஒரு பெயரையும் வைத்தார்கள். அந்த ஏமாற்று வேலை முப்பத்துச் சொச்சம் வருஷம் பலித்தது.

திண்டிவனத்துக்குத் தெற்கே, கூட்டேரிப்பட்டு போகும் வழியில் இருந்த சேரி அவனுடையது. கல்யாணம் ஆகும்வரை ஊரார் நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கி வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தான். ஒரு நாள் கோதண்டபாணி முதலாளியின் பஸ் சக்கரத்தில் காற்று இறங்கி, அவன் வேலை செய்துகொண்டிருந்த கொல்லைக்கு எதிரே நின்றுவிட்டது. டிரைவர் காஜா மொய்தீன் கைப்பம்பை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து அடித்துப் பார்த்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கொல்லையிலிருந்து வந்த மண்ணாங்கட்டி, "நா ஒரு கை அடிச்சிப் பாக்கட்டுங்களா பாய்?" என்று கேட்டான். அவன் அடித்த அடியில் டயர் கல் மாதிரி ஆகிவிட்டது. பாய் டயரைத் தட்டிப் பார்த்தார், அவனுடைய தோளையும் தட்டிப் பார்த்தார்.

"மல்லாட்டை புடுங்கற கையா இது? எங்கூட வர்றியா?"

அப்படித்தான் அவன் பஸ்ஸுக்கு வந்தான். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம். அவன் பார்த்த வேலைக்கு முதலாளி ஆபீசில் பெயர் கிடையாது. கிளீனர் என்று ஒருவன் தனியாக இருந்தான். அவன் வண்டிக்குள் துடைப்பான், சாமான் ஏற்றுவான். மண்ணாங்கட்டி வண்டிக்குள் கால் வைத்ததில்லை. பின்புறத்து ஏணியில் தொத்திக்கொண்டு வருவான். காற்று இறங்கினால் இறங்குவான், காற்று அடிப்பான், மறுபடி தொத்திக்கொள்வான். "காத்தடிக்கிறவன்" என்று சொன்னால் அந்த ரோட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அவன் பம்பு அடிக்கும்போது பிரயாணிகள் புளிய மரத்து நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். "இன்னாப்பா, பொண்டாட்டி கேப்பைக் கூழு ஊத்துலியா? கை ஓயுதே?" என்று யாராவது சீண்டுவார்கள். "கூழு ஊத்துனா, நீங்க வந்து குடிச்சிட்டுப் போயிட்டீங்கன்னு சொல்றா" என்று அவன் தலை நிமிராமலே சொல்வான். சிரிப்பார்கள். சிரித்தவர்களில் யாரும் அவன் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அவன் கை அடித்த காற்றின் மேல் உட்கார்ந்து விழுப்புரம் போவார்கள்.

யுத்தம் வந்த பிறகு எல்லாம் மாறியது. பெட்ரோல் இல்லை. வண்டிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு கரி அடுப்பைக் கட்டி, அந்தப் புகையில் ஓட்டினார்கள். அந்த அடுப்பைக் கட்டிய இடம் அவன் தொத்திக்கொண்டு வந்த ஏணியின் பக்கம். அவனுக்கு வேறு இடம் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை. திண்டிவனம் முதல் விழுப்புரம் வரை கரிப்புகையைக் குடித்துக்கொண்டே வருவான். மூஞ்சியைத் துடைத்தால் துண்டு கறுப்பாகும். புது டயர் என்பது கண்ணில் பார்க்காத பொருளாகிவிட்டது. டியூபில் ஒட்டின மேல் ஒட்டு, அதன் மேல் ஒட்டு. விக்கிரவாண்டிக்குள் நுழைவதற்குள் ஒரு தடவையாவது காற்று இறங்காத நாள் இல்லை. புகையைக் குடித்த நெஞ்சோடு இறங்கி, அதே நெஞ்சைக் குனிந்து நிமிர்த்திக் காற்று அடிப்பான்.

முதலில் இருமல் வந்தது. பிறகு சாயங்காலத்தில் காய்ச்சல். பிறகு ஒரு நாள் பம்பு அடித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று திரும்பி, ரோட்டோரத்தில் துப்பிவிட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடினான். பாய் பார்த்துவிட்டார்.

"இன்னாடா அது?"

"வெத்தல பாய்."

"நீ எப்படா வெத்தல போட்டே?"

அடுத்த நாளே பாய் அவனை இழுத்துக்கொண்டு போய்த் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மாவிடம் காட்டினார். அவள் குழல் வைத்து முதுகையும் மார்பையும் கேட்டாள். என்ன வேலை என்று விசாரித்தாள். பம்பு அடிப்பது எப்படி என்று அவனை வெறுங்கையால் செய்து காட்டச் சொன்னாள். அவன் குனிந்து நிமிர்ந்து காட்டினான்; அந்த வெறுங்கை வேலைக்கே மூச்சு வாங்கிற்று. "இனிமேல் இதைச் செய்யாதே. செய்தால் பிழைக்க மாட்டாய். செய்யாமல், நன்றாகச் சாப்பிட்டு, புகை இல்லாத இடத்தில் இருந்தால் பிழைத்துக்கொள்வாய்" என்று அவள் சொன்னாள். மருந்தையும் கொடுத்தாள்.

அவன் பெண்டாட்டி அம்சவள்ளி அன்றைக்கே மூட்டை கட்டத் தயாராகிவிட்டாள். அவள் அண்ணன் கண்டமங்கலத்தில் இருந்தான். அங்கிருந்து புதுச்சேரி மில்லுக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. "எங்கண்ணங்கிட்ட சொன்னா மில்லு கேட்டாண்ட குந்தினு இருக்கற வேலையா பாத்துக் குடுக்கும். வாய்யா, போயிடலாம்" என்றாள். அவனும் சரி என்றுதான் சொன்னான். அந்த வாரம்தான் மெஷின் வந்தது.

யுத்தம் முடிந்தும் பஸ்ஸுக்குப் போதுமான பெட்ரோல் வரவில்லை; பட்டாளத்துச் சாமான்களைத்தான் பட்டணத்தில் ஏலம் விட்டார்கள். கோதண்டபாணி முதலாளி போய் ஒரு லாரி எஞ்சினையும், கூடவே பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு சின்னக் காற்று மெஷினையும் எடுத்துக்கொண்டு வந்தார். ஓர் ஆள் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிவிடலாம். சுண்டைக்காய் அளவுக்கு ஒரு பெட்ரோல் எஞ்சின். கயிற்றைச் சுற்றி ஒரு இழுப்பு இழுத்தால் படபடவென்று ஓடும். பக்கத்தில் ஒரு சின்ன உருளை, காற்றை இழுத்து அழுத்த. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய். கடிகாரம் மாதிரி ஒரு முள், எவ்வளவு காற்று என்று காட்ட. ஏறக்குறைய பொம்மைதான். ஆனால் அந்தப் பொம்மை, ஆள் நெஞ்சு உடைய அடிக்க வேண்டிய டயரை ஒரு பீடி குடிக்கும் நேரத்தில் நிரப்பியது.

கூடப் போய், அதை ஓட்டிப் பார்த்து, வாங்கச் சொன்னவர் பாய்தான். வந்ததும் மண்ணாங்கட்டியைக் கூப்பிட்டுக் கயிறு இழுக்கச் சொன்னார். பிறகு அது காற்றை இழுக்கும் வாயைக் காட்டினார். அதன் மேல் ஓட்டை போட்ட ஒரு தகர மூடி, மூடிக்குள் வட்டமாக ஒரு கம்பளித் துண்டு.

"இதான்டா இதுக்கு மூக்கு. இந்தக் கம்பளி இல்லாம ஓட்டுனே, ரோட்டு மண்ணெல்லாம் உள்ள போயிடும். அப்புறம் எஞ்சினு சத்தம் போடும், காத்து வராது. புரிஞ்சிதா?"

"மனுசனுக்கு இந்த மாதிரி ஒரு மூடி கெடயாதுங்களா பாய்?" என்று மண்ணாங்கட்டி கேட்டான். பாய் கரி அடுப்பைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

கண்டமங்கலத்துக்குக் கட்டின மூட்டையை அம்சவள்ளி அவிழ்த்துவிட்டாள். மெஷினைப் பெட்டியில் வைத்துக் கட்ட வண்டியின் பின்பக்கத்தில் இடம் வேண்டியிருந்தது. அதற்காக ஏணியை இடப்பக்கம் மாற்றி அடித்தார்கள். அதனால் மெஷினுக்குப் புகை படாமல் போயிற்று. ஏணியில் நின்ற அவனுக்கும் படாமல் போயிற்று.

அந்தக் கோடையும் அதற்கடுத்த மழையும் அவன் வாழ்க்கையிலேயே நல்ல காலம். குட்டிப் பட்டாளம் என்று அதற்குப் பெயர் வைத்தான். காற்று இறங்கினால் அதைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்து ரோட்டோரத்தில் ஒரு சாக்கை விரித்து அதன் மேல் வைப்பான். கயிற்றை இழுப்பான். பிரயாணிகள் எழுந்து வந்து சுற்றி நிற்பார்கள். "பெரியவனுக்குக் கரி, சின்னவனுக்குப் பெட்ரோலா? நல்ல நாயமா இருக்குதே!" என்று ஒருவர் சொன்னால், "சின்னவன் பட்டாளத்துல இருந்து வந்தவன். கரியத் தின்னமாட்டான்" என்பான் அவன். இருமல் குறைந்தது. அம்சவள்ளி கொடுத்த கூழ் உடம்பில் ஒட்ட ஆரம்பித்தது. டாக்டரம்மா குழல் வைத்துக் கேட்டுவிட்டு, "பரவாயில்லை, இப்படியே இரு" என்றாள். இப்படியே இருப்பதற்கு அந்த மெஷின் ஓட வேண்டும், அவ்வளவுதான். அது அவனுக்குத் தெரியும். அம்சவள்ளிக்கும் தெரியும். தினம் காலையில் அவன் கிளம்பும்போது, "குட்டிப் பட்டாளம் நல்லா இருக்குதா?" என்று கேட்டுத்தான் அனுப்புவாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது.

ஒவ்வொரு வருஷமும் ஷெட்டில் பூஜை நடக்கும். பஸ்ஸையும் ஸ்பானர்களையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைப்பார்கள். மண்ணாங்கட்டி ஷெட்டுக்கு வெளியே, வேலி ஓரத்தில் நிற்பான். கடைசியில் பொரி கொடுக்கும்போது பாய்க்குக் கையில் கொடுப்பார்கள். இவனுக்கு மேலேயிருந்து துண்டில் போடுவார்கள். அவன் தினமும் அடித்த பம்பு உள்ளே சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அந்த வருஷம் முதலாளிக்குப் புது ரூட் ஒன்று வேண்டியிருந்தது. அதற்குச் சிபாரிசு செய்யக்கூடிய ஒரு கதர்க்காரர் பட்டணத்திலிருந்து வருவதாக இருந்தது. போகும் இடமெல்லாம் சேரி ஜனங்களைக் கோயிலுக்குள் அழைத்துப் போவதைப் பற்றிப் பேசுகிறவர். முதலாளி யோசித்தார். பூஜைக்கு முந்தின நாள் மண்ணாங்கட்டியைக் கூப்பிட்டார்.

"டேய், இந்த வருசம் காத்து மெஷினுக்கு நீயே பூசை பண்ணு. நீயே சந்தனம் வையி. விசயதசமி அன்னிக்குக் காலையில பட்டணத்துலேருந்து ஒருத்தரு வர்றாரு, அவரு முன்னாடி நீயே ஓட்டிக் காட்டணும். குளிச்சிட்டு சுத்தமா வா."

"ஆண்டே, நா உள்ள வர்றதா?"

"உள்ளதான். பின்ன, மெஷினு வெளியவா இருக்குது?"

அவன் சேரிக்கு எப்படித் திரும்பினான் என்று அவனுக்கே தெரியாது. அம்சவள்ளி நம்பவில்லை. "கள்ளு குடிச்சியா?" என்று வாயை மோந்து பார்த்தாள்.

பூஜையன்று ஏரியில் மூழ்கிவிட்டு, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். முதன்முறையாக அந்த ஷெட்டுக்குள் நுழைந்தான். மெஷினை உப்புத்தாளால் தேய்த்தான், மண்ணெண்ணெயில் துடைத்தான், துணியால் பளபளப்பாக்கினான். தகர மூடியைக் கழற்றியபோது உள்ளே இருந்த கம்பளித் துண்டு ரோட்டுத் தூசி குடித்துக் குடித்துக் கரிச்சட்டி மாதிரி இருந்தது. பூஜைக்கு அழுக்கோடு எதையும் வைக்கக் கூடாது. சோப்புப் போட்டுக் கசக்கி, பால் மாதிரி வெளுக்க வைத்து, வேலியில் காயப்போட்டான். பிறகு மெஷினின் தலையில், குழாயில், முள்ளுக்கு மேலே, கயிறு சுற்றும் சக்கரத்தில், ஒன்றுவிடாமல் சந்தனம் வைத்தான். பூஜை நாளில் மெஷினை ஓட்டுவதில்லை. சந்தனமும் பூவுமாக அது அன்று முழுக்க ஓய்வு எடுத்தது.

அன்று ராத்திரி தூறல் விழுந்தது. கம்பளித் துண்டை எடுத்து வைக்க அவன் மறந்துபோயிருந்தான்.

விடிந்ததும் வந்து பார்த்தான். சொட்டச் சொட்ட ஈரம். பிழிந்தான், விசிறினான், கரி அடுப்புக்கு மேலே காட்டினான். காய்வதற்குள் கதர்க்காரர் வந்துவிட்டார். ஈரக் கம்பளியைப் போட்டால் மெஷின் மூச்சு முட்டி நின்றுவிடும். முதல் தடவை உள்ளே விட்டிருக்கிறார்கள். அவன் மெஷின் ஓடவில்லை என்றால்? ஷெட்டுக்குள் புழுதி இல்லை. ஒரு நிமிஷம் ஓட்டிக் காட்டிவிட்டு நிறுத்திவிடலாம். அப்படி நினைத்து, கம்பளி இல்லாமல் ஆடிக் கழன்ற தகர மூடியையும் எடுத்து வைத்துவிட்டு, மூடி இல்லாத வாயோடு மெஷினை நடுவில் வைத்தான்.

விஜயதசமிப் பூஜையும் முடிந்தது. முதலாளியின் தாயார் தையல்நாயகி அம்மாள் மஞ்சள் அரிசித் தட்டோடு வந்தாள். பஸ்ஸுக்குக் கிட்டப்போய், குழந்தை தலையில் வைக்கிற மாதிரி மூக்கின் மேல் மெதுவாக அட்சதையை வைத்தாள். லாரி எஞ்சினுக்கும் அப்படியே. அடுத்தது காற்று மெஷின். அதன் பக்கத்தில் மண்ணாங்கட்டி கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் நின்றுவிட்டாள்.

"ஓட்டு" என்றார் முதலாளி.

அவன் கயிற்றை இழுத்தான். படபடவென்று பிடித்துக்கொண்டது. முள் எழும்பியது. கதர்க்காரர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். தையல்நாயகி அம்மாள் இருந்த இடத்திலிருந்து ஓர் அடி நகராமல், கை நிறைய அரிசியை அள்ளி, அவ்வளவு தூரத்துக்கும் போய்ச் சேரும்படி வீசினாள். அது மெஷின் மேலும் அவன் மேலும் மழை மாதிரி விழுந்தது.

எஞ்சின் சத்தம் மாறவில்லை. முள் மட்டும் நின்றது. பிறகு இறங்கியது. பூஜ்யத்துக்கு வந்து படுத்துக்கொண்டது. குழாயின் வாயில் அவன் கையை வைத்துப் பார்த்தான். எஞ்சின் படபடத்துக்கொண்டே இருந்தது, காற்று வரவில்லை.

கதர்க்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விழுப்புரத்தில் கூட்டம் இருக்கிறது என்று சொல்லி, மாலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் கார் தெருமுனை திரும்பியது.

"மூச்சு நின்னுபோச்சு பாத்தியா?" என்றாள் தையல்நாயகி அம்மாள். "நா அப்பவே சொன்னேன். யாரு கேட்டா? தொடக்கூடாததத் தொட உட்டா இப்பிடித்தான்."

மண்ணாங்கட்டிக்கு என்ன நடந்தது என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. கைகளைக் கட்டிக்கொண்டு முதலாளி முன்னால் வந்தான்.

"ஆண்டே, தொட்டதால இல்லீங்க. தப்பு பண்ணது நான்தான். அந்தக் கம்பளித் துண்டக் கழுவறேன்னு கழட்டிட்டேங்க. அது இல்லாம ஓட்டிட்டேன். அரிசி உள்ள பூந்துகினு இருக்குதுங்க. நாலு ஆணியக் கழட்டுனாத் தெரிஞ்சிடும்."

"இன்னா பூந்துகினு இருக்குது?"

"அரிசிங்க."

முதலாளியின் முகம் கறுத்தது. "அம்மா போட்ட அட்சதையால மெஷினு கெட்டுப்போச்சுன்னு சொல்றியா?"

"அய்யோ இல்லீங்க ஆண்டே. மூடி இல்லாததால..."

"வாய மூடுடா. வெளிய போ."

அவன் செய்த தப்பை அவன் வாயால் ஒப்புக்கொண்டான். அதை வாங்கிக்கொள்ள அங்கே ஓர் ஆள் இல்லை. மெஷின் தெரிந்த ஒருவன் கவனக் குறைவால் செய்த பிழை என்று இருந்தால் திட்டியிருப்பார்கள், நாலு ஆணியைக் கழற்றியிருப்பார்கள், முடிந்திருக்கும். அவன் பிறப்பே காரணம் என்று ஆகிவிட்டதால் கழற்றிப் பார்க்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஷெட்டைக் கழுவி விட்டார்கள். கோமியம் தெளித்தார்கள். குட்டிப் பட்டாளத்தைச் சாக்கில் சுற்றி மூலை அறையில் போட்டுப் பூட்டினார்கள். கைப்பம்பு வெளியே வந்தது.

பாய் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "முதலாளி, ஒரு வாட்டி தொறந்து பாத்துடலாமே. அவன் சொல்றதுல நாயம் இருக்குது. அவனுக்கு நெஞ்சும் சரியில்ல."

"பாய், நீங்க வண்டிய ஓட்டுங்க. அது போதும்."

பாய் வண்டியை ஓட்டினார். அவருக்கும் கோட்டக்குப்பத்தில் வீடு இருந்தது, அடுப்பு எரிய வேண்டியிருந்தது. முடிந்தபோதெல்லாம் இறங்கிப் பாதி டயரை அவர் அடித்தார். டைம் ஆகிறது, கரி அடுப்பைக் கிளறுங்கள் என்று கண்டக்டர் பெரியசாமி அவரை விரட்டுவான். பெரியசாமி முதலாளிக்கு மச்சான் முறை. ஏணியும் பழைய இடத்துக்குப் போய்விட்டது.

அம்சவள்ளி மறுபடியும் மூட்டை கட்டினாள். "வாய்யா, கண்டமங்கலம் போயிடலாம். அவங்க மெஷினு, அவங்க பஸ்ஸு, எப்படியோ போவட்டும்."

"போலாம். ஒரு வாட்டி தொறந்து பாத்தாங்கன்னா போதும். அப்புறம் போயிடலாம்."

"தொறந்தா உனக்கு இன்னா கெடைக்கப்போவுது?"

"அரிசி இருக்கும்டி உள்ள. நா சொன்னது நெசம்னு தெரியும்ல? என்னால சேரிக்கே கெட்ட பேரு. நாளைக்கு எவனையாவது உள்ள உடுவானுங்களா? மண்ணாங்கட்டி தொட்டான், மெஷினு செத்துப்போச்சும்பானுங்க."

அவள் மூட்டையை அவிழ்க்கவும் இல்லை, அதைத் தூக்கிக்கொண்டு போகவும் இல்லை. அது அப்படியே மூலையில் இருந்தது. ஐப்பசி மழையில் ரோடு முழுக்கப் பள்ளம். அவன் துப்புவதும், காலால் மண் தள்ளுவதும் திரும்ப ஆரம்பித்தது. கார்த்திகையில் மழை விட்டது, ரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மாவிடம் போக மாட்டேன் என்றான். அவள் திட்டுவாள் என்று சொன்னான்.

மார்கழியில் ஒரு நாள், விழுப்புரத்துக்குள் நுழையும்போதே பின் சக்கரத்தில் காற்று இறங்க ஆரம்பித்தது. பாய் எப்படியோ ஓட்டிக்கொண்டு ஜங்ஷன் போகும் ரோட்டில் ஒரு சைக்கிள் கடை வாசலில் நிறுத்தினார். ஏணியிலிருந்து இறங்கிய மண்ணாங்கட்டி அப்படியே நின்றான். அந்தச் சத்தம் அவனுக்குத் தெரிந்த சத்தம்.

கடைக்குள் ஒரு சாக்கின் மேல் குட்டிப் பட்டாளம் படபடத்துக்கொண்டிருந்தது. முள் நேராக நின்றது. அதன் தலையில் அவன் வைத்த சந்தனம் காய்ந்து, ஓரத்தில் கொஞ்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் சனாவுல்லா ஒரு லாரி டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இது... எங்க மெஷினுங்க" என்றான் மண்ணாங்கட்டி.

"உங்களுதா இருந்துச்சு. இப்ப நம்மளுது" என்று சனாவுல்லா சிரித்தார். "உங்க முதலாளிதான் பழைய இரும்பு வெலைக்குத் தள்ளி உட்டாரு. ராசியில்லாத மெஷினாம். தொறந்து பாத்தேன். உள்ள மெல்லிசா ஒரு தகடு இருக்குது பாரு, அதுக்கு அடியில ஒரே ஒரு அரிசி. மஞ்ச அரிசி. தகடு மூடாம நின்னுகினு இருந்துச்சு. நகத்தால எடுத்துப் போட்டேன், ஜல்தியா ஓட ஆரம்பிச்சிடுச்சு."

மண்ணாங்கட்டி சிரித்தான். சத்தம் போட்டுச் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமிக்கொண்டே சிரித்தான். பாயின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அரிசி பாய்! கேட்டீங்களா? ஒரே ஒரு அரிசி!"

பிறகு திரும்பி, பஸ் படியில் நின்ற பெரியசாமியைப் பார்த்தான். "கண்டக்டரய்யா, நீங்களும் கேட்டுக்கினீங்கல்ல? அரிசிங்க. ஆண்டேகிட்டச் சொல்லிடுங்க."

பெரியசாமி எங்கோ பார்த்தான். "காத்த அடி. டைமாவுது."

"அடிக்கறதுக்கு இன்னா? மெஷினு ஓடிக்கினுதான இருக்குது" என்று சனாவுல்லா குழாயை எடுத்துக்கொண்டு வந்தார். "வாப்பா, ஒரு நிமிசம். உனக்குப் பழகின மெஷினுதான், நீயே புடி. காசெல்லாம் வேணாம்."

"வேணாம் வேணாம்" என்றான் பெரியசாமி. "அந்த மெஷினு காத்து நம்ம வண்டிக்கு வேணாம். முதலாளி உத்தரவு. அதத்தான் கழிச்சுக் கட்டிட்டோமே."

"யோவ், ஆளப் பாருய்யா, எப்படி இருக்கறான்னு!" என்று பாய் கத்தினார். "உனக்கு மனசுல ஈரமே இல்லியா?"

"எங்கிட்டக் கத்தாதீங்க பாய். நாளைக்கு வண்டி எங்கியாவது கவுந்துச்சுன்னா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

மண்ணாங்கட்டி கைப்பம்பை எடுத்துக்கொண்டு சக்கரத்தண்டை வந்துவிட்டான். கால்களை அகட்டி வைத்துக்கொண்டான். பிறகு, குனிவதற்கு முன்னால், அத்தனை வருஷத்தில் கேட்காத ஒன்றைக் கேட்டான்.

"கண்டக்டரய்யா, மெஷினுல என் கை பட்டுச்சு, அதனால அந்தக் காத்து ஆவாது. அப்ப இந்தப் பம்புல நா அடிக்கற காத்து? அது மட்டும் ஆவுமா?"

பெரியசாமி ஒரு கணம் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

"அது வேற" என்றான்.

மண்ணாங்கட்டி அடித்தான். பக்கத்தில் குட்டிப் பட்டாளம் ஓடிக்கொண்டிருந்தது. சனாவுல்லா அதை நிறுத்தலாமா வேண்டாமா என்று தெரியாமல் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டியில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். இந்தத் தடவை யாரும் சீண்டவில்லை. பாய் வந்து பம்பைப் பிடுங்கினார், அவன் கொடுக்கவில்லை. டயர் கல் மாதிரி ஆகும்வரை அடித்துவிட்டுத்தான் பம்பை விட்டான். சக்கரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். வேட்டி நெடுக ரத்தம்.

அன்று மட்டும் அவனை வண்டிக்குள் படுக்க வைத்துத் திண்டிவனம் கொண்டுபோனார்கள். பாய் துணைக்கு ஆள் கூப்பிடவில்லை, கண்டக்டரைக் கேட்கவும் இல்லை. தானே தூக்கிக்கொண்டு போய் நீளச் சீட்டில் போட்டார். பிரயாணிகளில் பாதிப் பேர் இறங்கி அடுத்த வண்டிக்கு நின்றார்கள். வழியெல்லாம் அவன் நினைவோடுதான் இருந்தான். அம்சவள்ளியைப் பார்த்ததும், "அரிசிதான்டி" என்றான். அவள் மூலையில் இருந்த மூட்டையைப் பார்த்தாள்.

பொங்கலுக்கு முன்பே போய்விட்டான். அழகில்லாத பெயரை எமன் கடைசியில் பொருட்படுத்தவில்லை. அரிசிச் செய்தியைப் பெரியசாமி முதலாளியிடம் சொல்லவில்லை. பாய் சொன்னார். "அதான் வித்தாச்சே பாய், இன்னும் எதுக்குப் பேசிக்கினு" என்றார் முதலாளி.

அம்சவள்ளி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கண்டமங்கலம் போனாள். அவனைப் புதைத்த மறுநாள் காலை காஜா மொய்தீன் வழக்கம்போல இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். பின் சக்கரத்தண்டை வந்ததும் நின்றார். விழுப்புரத்தில் நிரப்பிய பிறகு அந்தச் சக்கரம் மட்டும் காற்று இறங்கவில்லை. தட்டினார். கெட்டியாக இருந்தது. உள்ளே இருந்தது அவன் அடித்த காற்று. பெரியசாமி வந்து அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே இருந்த தன் சீட்டில் உட்கார்ந்து, "ரைட், போலாம்" என்றான்.

பாய் வண்டியை எடுத்தார்.